ஜூன் 12-உம் பள்ளிக்கூட மணியும்: டெல்டாவில் பள்ளித் திறப்பு ஏன் இவ்வளவு நெருக்குகிறது?

2023-ஆம் ஆண்டு ஜூன் 1 என்றிருந்த பள்ளித் திறப்பு, வெயிலைக் காரணம் காட்டி 7-க்குப் போனது. பிறகு 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 12, தொடக்க வகுப்புகளுக்கு 14 என்று இன்னொரு முறை தள்ளிப்போனது. அந்த 12-ஆம் தேதியன்றுதான் டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையிலும் தண்ணீர் திறந்தார்கள். 2024-இல் 6 என்று சொல்லி 10 ஆக்கினார்கள். 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே மணி அடித்துவிட்டது.

பிற ஊர்களில் இது சீருடையை எப்போது தைக்கக் கொடுப்பது என்ற அளவிலான குழப்பம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் அப்படியில்லை. வயலுக்குச் செலவழிக்கும் வாரமும் பிள்ளைக்குச் செலவழிக்கும் வாரமும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வையுங்கள், முந்தின இரவே பையை அடுக்கி வையுங்கள் என்று மே மாதக் கடைசியில் வரும் ஆலோசனைகள் தவறில்லை. ஆனால் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது.

ஒரே பதினைந்து நாளில் மூன்று நாட்காட்டிகள்

1. தண்ணீர் நாட்காட்டி. மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, போய்ச் சேர மேலும் பல நாள். அணையில் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதியும் நிலையில்லை: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எப்போது வந்தாலும் குறுவை என்ற குறுகிய கால நெல்லுக்கு உழவு, விதைநெல், நாற்றங்கால், நடவுக் கூலி என்று கையிலிருந்து பணம் போவது வைகாசியிலும் ஆனியிலும்தான். குறுவை நெல் பணமாவதற்குச் செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும்.

2. கடல் நாட்காட்டி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாகப்பட்டினத்திலிருந்தும் பழையாறிலிருந்தும் விசைப்படகில் போகிறவர்களுக்குத் தொழில் இல்லாத இந்த இரண்டு மாதத்தின் கடைசியில்தான் பள்ளி திறக்கிறது. முதல் வலை ஏறுவதற்கு முன்பே முதல் கட்டணம் கேட்கப்படுகிறது. போதாததற்கு, படகைப் பழுது பார்த்து வண்ணம் அடித்த செலவும் அதே தடைக்காலத்தில்தான் வந்திருக்கும்.

3. பள்ளி நாட்காட்டி. இது மாநிலம் முழுவதற்கும் ஒன்று. ஆற்றில் தண்ணீர் வந்ததா, படகு கடலுக்குப் போனதா என்று அது பார்ப்பதில்லை.

டெல்டாவில் வீட்டுக்கு மொத்தமாகப் பணம் வருவது, நீண்ட கால நெல்லான சம்பாவின் அறுவடை முடியும் தை, மாசியில். நிலமுள்ள வீட்டுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் வழியாக வங்கிக் கணக்கில் ஏறும், கூலிக்காரர் வீட்டுக்கு அறுப்பு வேலையில் வரும். அந்தப் பணம் பழைய கடன், வைகாசி முகூர்த்தம், மொய், கோயில் திருவிழா என்று கரைந்து முடியும்போது பள்ளி திறக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஜூன் ஒரு கனமான மாதம், அவ்வளவுதான். வயலையும் கடலையும் நம்பியிருப்பவருக்கு அது ஆண்டிலேயே வறண்ட மாதம்.

கடன் எந்த வாசலிலிருந்து வருகிறது

வறண்ட மாதத்தில் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் கடன்தான். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. திருப்பிக் கட்டும் நாள் உங்கள் வீட்டில் பணம் வரும் நாளோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: ஜூனில் 20,000 ரூபாய் வாங்கி, குறுவை அறுத்து நான்கு மாதத்தில் அடைக்கிறீர்கள்.

1. கைமாற்று வட்டி. "அஞ்சு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 சதவீதம். நான்கு மாதத்துக்கு 4,000 ரூபாய். "ரெண்டு வட்டி" என்று சொன்னால் காதுக்கு இதமாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் அது 24 சதவீதம், நான்கு மாதத்துக்கு 1,600 ரூபாய். அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. இருந்தாலும் அவசரத்துக்குப் போய் நிற்பவர் சட்டம் பேசும் நிலையில் இருப்பதில்லை.

2. நகைக் கடன். வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ ஆண்டுக்கு 12 சதவீதம் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால் அதே நான்கு மாதத்துக்கு 800 ரூபாய். மாதத் தவணை இல்லாமல் மொத்தமாக வந்து மீட்கும் வகை கிடைத்தால் நெல் போட்ட பணம் வரும்வரை காத்திருக்கலாம். "வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறு அடகு" என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டும்போதுதான் நகை கைவிட்டுப் போகிறது.

3. குழுக் கடன். வட்டி கந்துவட்டியை விடக் குறைவு, உண்மை. ஆனால் கடன் வாங்கிய அடுத்த வாரமோ அடுத்த மாதமோ தவணை ஆரம்பித்துவிடும். நடவு தொடங்காத வாரத்தில், படகு போகாத வாரத்தில் அந்தத் தவணைக்கு இன்னொரு இடத்தில் கைநீட்ட வேண்டிவருகிறது. வாரச் சந்தையில் கடை போடுகிறவருக்கும் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவருக்கும் குழுக் கடன் பொருந்தும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் பணம் பார்க்கிற வீட்டுக்குப் பொருந்தாது.

4. பயிர்க்கடன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அதனால் அந்தப் பணத்தைப் பள்ளிக்குக் கட்டிவிடலாம் என்று கை போகும். போனால் நட்ட இருபதாம் நாள் உரத்துக்குக் காசில்லாமல் வெளிக்கடன் வரும். வட்டியில்லாக் கடனை எடுத்துவிட்டு வட்டிக் கடனை வயலில் இறக்கும் வேலை இது. இந்த நான்கில் வாங்கும்போது மிகவும் லேசாகத் தெரிவதும் பின்னால் அதிகம் உறுத்துவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

கடனே இல்லாமல் இதை இரண்டு வழிகளில் தளர்த்தலாம். ஒன்று, சம்பாப் பணம் கணக்கில் ஏறும் வாரத்திலேயே பள்ளிக் காசைப் பிரித்து வேறு கணக்கில் போடுவது. 20,000 ரூபாயில் பாதியைத் தையிலேயே பிரித்து வைத்தாலும், மேலே சொன்ன அஞ்சு வட்டிக் கணக்கில் 2,000 ரூபாய் மிச்சம். இரண்டு, தவணை கேட்பது. மே மாதமே பள்ளிக்குப் போய், "பாதி இப்போது, மீதி அக்டோபரில், குறுவை அறுத்து" என்று எழுதிக் கொடுத்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டெல்டாவில் பள்ளி நடத்துகிறவருக்குக் குறுவை எப்போது அறுக்கும் என்று தெரியாமலா இருக்கும்? ஜூன் 15-க்கு மேல் போய்க் கேட்டால் அதே கோரிக்கை பாக்கிக்காரரின் கெஞ்சலாகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: குறுவை அறுவடையில் மழை பெய்தால் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டி, கொள்முதல் தாமதமாகும். ஆகவே அக்டோபர் முதல் தேதி என்று வாக்குக் கொடுக்காமல் மாதக் கடைசி என்று கேட்பது நல்லது.

எது இலவசம், எதற்குக் கட்டணம்

அரசுப் பள்ளியில் 12-ஆம் வகுப்பு வரை பாடநூல் இலவசம். நோட்டு, பை, காலணி எல்லாம் அந்தந்த வகுப்புக்கு உரியபடி வருகின்றன. சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8 வரையான மாணவர்களுக்கு 4 செட் சீருடை, 11-ஆம் வகுப்பில் மிதிவண்டி, பேருந்துப் பாஸ். அப்படியானால் அரசுப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் செலவே இல்லையா? இருக்கிறது. அளவு பொருந்தாத சீருடையைப் பிரித்துத் தைப்பது, டியூஷன், கைடு, போய்வரும் செலவு. ஆனால் இவை ஒரே நாளில் ஒரே ரசீதாக வராமல் சிறுகச் சிறுக வருபவை. ஜூனில் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் தனியார் பள்ளிக் கட்டணம்தான்.

அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சொல் "நிர்ணயக் கட்டணம்". 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அது மூன்று கல்வி ஆண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். நன்கொடை என்ற பெயரில் தனியாக வாங்குவதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. பள்ளியில் செய்ய வேண்டியவை இரண்டுதான்:

1. நிர்ணயக் கட்டணம் எவ்வளவு, வேன், சீருடை, நோட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பது. மொத்தத் தொகை வீங்குவது பெரும்பாலும் வேன், சீருடை, நோட்டுக் கணக்கில்தான்.

2. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குவது. வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுப்பது ரசீது ஆகாது.

காலையில் அம்மா வயலில் இருக்கும்போது

ஜூன் நடுவிலிருந்து குறுவை நடவு. நடவு, நாற்றுப் பறி இரண்டும் பெண்கள் கையில் இருக்கும் வேலை. எந்திர நடவும் நேரடி விதைப்பும் பரவிய பிறகும் இன்னும் பல ஊர்களில் விடிந்ததும் பெண்கள் வயலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பள்ளி திறந்து முதல் மூன்று வாரம், அதாவது பிள்ளைக்குக் கை பிடித்து அனுப்ப ஆள் வேண்டிய அந்த வாரங்களில், வீட்டில் அம்மா இருப்பதில்லை. "காலையில் இட்லி ஊட்டி, சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து அனுப்புங்கள்" என்று எழுதுகிறவர்கள் இந்த வீட்டை யோசித்து எழுதுவதில்லை.

இதில் காலை உணவுத் திட்டத்தின் பயன் பெரிது. 2022-இல் மதுரையில் தொடங்கிய அத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1 முதல் 5 வகுப்புவரை காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கும். நடவுக்குப் போகும் தாய்க்கு ஒரு அடுப்பு வேலை குறைகிறது. மிஞ்சுவது குளிக்க வைப்பதும் தலை பின்னுவதும் கொண்டுபோய் விடுவதும். அதை யார் செய்வது என்று நடவு தொடங்கும் முன்பே வீட்டில் பேசி வைக்க வேண்டும். தாத்தா, ஆத்தா, பக்கத்து வீட்டு அத்தை யாராக இருந்தாலும் சரி, தினம் ஒரே ஆளாக இருந்தால் குழந்தை சீக்கிரம் பழகும். அப்பா என்ற ஒருவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் அவருக்கும் தலை பின்னக் கற்றுக்கொடுக்கலாம்.

உடம்புக் கடிகாரத்தை நகர்த்துவது

மே மாதம் முழுக்கப் பிள்ளைகள் இரவு பன்னிரண்டுக்குப் படுத்து எட்டுக்கு எழுந்திருப்பார்கள். புழுக்கம், கைபேசி, ஊர்த் திருவிழா. மெலட்டூர் பக்கம் என்றால் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவெல்லாம் நடக்கும் பாகவத மேளா. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எந்த நேரத்தில் தூக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். இருட்டியபின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, பதின்ம வயதில் இயல்பாகவே சற்றுத் தாமதமாகச் சுரக்கத் தொடங்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் பத்து மணிக்குப் படுத்தும் கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்குத் திமிர் காரணமில்லை.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். கடிகாரத்தைத் திருப்ப, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தில் கை வைப்பதே எளிது. எட்டு மணிக்கு எழும் பிள்ளை ஆறு மணிக்கு வர வேண்டுமானால் 120 நிமிடம் நகர வேண்டும். நாளுக்குக் கால் மணி நேரம் என்றால் எட்டு நாள். எழுந்தவுடன் வாசலுக்கோ வாய்க்கால் கரைக்கோ அனுப்பி வெளிச்சம் படச் செய்தால் அன்றிரவு தூக்கம் தானே முன்னால் வரும். திறப்புத் தேதி தள்ளிப்போனாலும் இதை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்ததே என்று மறுபடி பன்னிரண்டுக்குப் போனால் செய்ததெல்லாம் வீண்.

வாசலில் அழுகை, காலையில் வயிற்றுவலி

இரண்டும் ஒன்றல்ல. முதல் முறை பள்ளிக்குப் போகும் குழந்தை அழுவது பிரிவுப் பயம். சொல்லாமல் நழுவாமல் "சாயங்காலம் மணி அடிச்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடியே வந்து நின்றால் ஓரிரு வாரத்தில் அடங்கும். இன்னொன்று, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வயிறு வலித்து, சனிக்கிழமை வலிக்காமல் இருப்பது. வலி பொய்யல்ல, பதற்றம் வயிற்றில்தான் முதலில் தெரியும். அடிக்கிற ஆசிரியரா, கேலி செய்கிற பக்கத்து இருக்கையா, புரியாத கணக்கா என்று விசாரிக்க வேண்டிய வலி அது. மூன்று வாரம் தாண்டியும் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மனநலம் பற்றிக் கேட்க 14416, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

சான்றிதழ்கள்: ஜூனுக்கு முன்பே முடிய வேண்டியவை

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் எல்லாமே தேங்கும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றுக்குக் கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் என்ற டி.சி. விஷயத்தில்தான் பெற்றோர் தேவையில்லாமல் அதிகம் பயப்படுகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற டி.சி. கேட்டால் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். டி.சி. வரத் தாமதமானது என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டண பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் பள்ளி அதைப் பெற்றோரிடம் சட்டப்படி வசூலிக்கலாம். பிள்ளையின் காகிதத்தைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது.

வண்டியும் கட்டடமும்

2012 முதல் பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது அதன்படிதான். பள்ளி வேனுக்கு வழியில்லாமல் பத்துப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஆட்டோ இந்தச் சோதனைக்குள் வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அரசுப் பேருந்தில் போகும் மாணவர்கள், புதுப் பாஸ் வரும்வரை சீருடையிலோ பழைய பாஸைக் காட்டியோ போகலாம் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிப்பது வழக்கம். நடத்துநர் இறக்கிவிடுவாரோ என்ற பயம் வேண்டாம்.

கட்டடம் பற்றி டெல்டாவில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று, பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது, கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். புதிதாகச் சேர்க்கும் பள்ளியில் மாடிப்படி எத்தனை, அது எவ்வளவு அகலம், வகுப்பு நடக்கும் நேரத்தில் கதவுகள் பூட்டப்படுகின்றனவா, சமையல் எங்கே நடக்கிறது என்று நேரில் பார்த்துக் கேட்பதற்கு எந்தப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டாம்.

அக்டோபரில் இன்னொரு திறப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆட்சியர்கள் விடுமுறை அறிவிப்பார்கள். இரண்டு நாள் லீவு, ஒரு நாள் பள்ளி, மறுபடி லீவு. ஒவ்வொரு முறையும் தூக்கமும் வீட்டுப்பாடமும் சற்றே கலைந்து மறுபடி சேர வேண்டும். ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பும் வரும். ஜூனில் நகர்த்திய எழும் நேரத்தை மழை லீவிலும் அரை மணிக்கு மேல் விடாமல் பிடித்தால் பாதித் தொல்லை குறையும்.

மழைக்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, ஓடும் கூரையும் பறந்த வீடுகளில் புத்தகமும் சான்றிதழும் சேர்ந்தே நனைந்தன. டி.சி., பிறப்புச் சான்று, சாதிச் சான்று, கட்டண ரசீது எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். அசலை இரட்டைப் பாலிதீன் உறையில் போடுங்கள், ஆனால் பரணில் வைக்க வேண்டாம். கூரை போனால் முதலில் நனைவது பரண்தான். தகரப் பெட்டியில் வைத்து, வீட்டை விட்டுக் கிளம்பும்போது கையோடு எடுத்துப்போகத் தோதாகக் கதவருகே வையுங்கள்.